கயிறில்லாத முப்பது மீட்டர்

சாந்தியாகோவிலிருந்து வந்த பயிற்சியாளர்
ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார்.
"ஐந்து ஆண்டுகளில் நீங்கள் எங்கே?
ஒரே வரி போதும்.
போகுமிடம் தெரியாதவருக்கு
எந்தப் பேருந்தும் நிற்காது."
அவர் காலணி பளபளத்தது.
இந்த ஊரில் அது மதியம்வரைதான் என்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான் எழுதினேன்: தென்மண்டல மேலாளர்.
பேனா தயங்கவே இல்லை.
பக்கத்து மேசை எர்மிந்தா வாய்க்கீன்
தாளின் ஒரு மூலையில் மரக்கம்பம் வரைந்தாள்,
எதிர்மூலையில் இன்னொன்று.
நடுவே ஒன்றுமில்லை.
தாள்களைத் திரட்டியவர்
அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடியில் செருகினார்.

எங்களுடையது காப்பீட்டு அலுவலகம்.
விழுந்தவர்களின் விண்ணப்பம் அவள் மேசைக்கு வரும்:
இடுப்பு, மணிக்கட்டு, முன்பல் இரண்டு.
'காரணம்' என்ற கட்டத்தில்
ஊரே ஒரு சொல்லைத்தான் எழுதும். காற்று.
பதினோரு ஆண்டுகளாக
அந்தச் சொல்லின் மேல் முத்திரை குத்தியவள் அவள்.

புந்தா அரேனாஸில் வசந்தம் பூவோடு வருவதில்லை.
நீரிணையைத் தாண்டி
குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டு
கார்க் கதவைப் பிடுங்கிக்கொண்டு வரும்.
அப்போது சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள்.
பிடித்தபடி நடப்போம்,
கொடியில் உலரும் சட்டைகளாக.

பயிற்சி முடிந்த வாரம்
அவள் 'காரணம்' படிப்பதை நிறுத்திவிட்டு
அதற்குக் கீழே இருந்த 'இடம்' படிக்கத் தொடங்கினாள்.
ஊர்ப்படத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்தாள்.
நவம்பருக்குள் ஓரிடம் சிவந்து வீங்கிவிட்டது:
மருத்துவமனை வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே,
முப்பது மீட்டர்.
சுகமாகி வெளியே வருகிறவர்கள்
அங்கே விழுந்து
திரும்ப உள்ளே போயிருக்கிறார்கள்.

நகராட்சிக்கு எழுதினாள். பதில் இல்லை.
மறுபடி எழுதினாள். நிதி இல்லை.
மூன்றாவதற்கு ஒரு படிவம் வந்தது:
எந்த அமைப்பின் சார்பில்?
அதையும் காலியாகவே விட்டு அனுப்பினாள்.

பிறகு, மைத்துனனின் நண்டுப்படகிலிருந்து
நீலக் கயிறு ஒன்றை வாங்கி வந்து
ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டி
மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு
மதிய இடைவேளைகளில் நின்றாள்.
சாப்பாட்டு அறையில் நாங்கள் சிரித்தோம்.
நான்தான் அதிகம் சிரித்தேன்.
எனக்கு அப்போது நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது.

பதவிக்கு உடல்தகுதிச் சான்று வேண்டும்.
வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.
நூற்றுப் பத்து கிலோமீட்டர் என்று
அன்று மாலை வானொலி சொன்னது.
காலடியில் தரை இல்லாமல் போன நொடியில்
கையில் ஏதோ தட்டுப்பட்டது, முரடாக,
மீன் வாசனையோடு.
பிடித்தேன். சான்று பறந்துவிட்டது.
மறுமுனையில் அவள், குதிகால்களை ஊன்றி,
சாய்ந்து நின்றாள்.
தொப்பிக்குள் இருந்த என்னை அவளுக்குத் தெரியவில்லை.
"பார்த்துப் போங்கள், ஐயா,
வளைவில் இன்னும் மோசம்" என்றாள்.
நன்றி சொன்னேனா?
காற்றில் எனக்கே கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் நான் தென்மண்டல மேலாளர்.
நான்காம் மாடி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல்.
காற்று இங்கே ஒரு படம் மட்டும்.
கீழே, வாசலுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே,
நகராட்சி கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருக்கிறது.
பெயர்ப்பலகை கிடையாது.
என் ஒரு வரி பலித்துவிட்டது.
அடுத்த வரிக்கு என்ன எழுதுவது என்று
யாரும் இன்னும் வந்து கேட்கவில்லை.

பழைய கோப்பைக் கிளறும்போது
அவளுடைய மஞ்சள் தாள் கிடைத்தது.
கம்பங்களுக்கிடையே ஒரு கோடு இழுக்கலாமா என்று
பேனாவைத் திறந்தேன்.
மூடிவிட்டேன்.
கீழே இறங்கி அவளிடமே கொடுத்தேன்.

"அட, இதுவா" என்று
பின்பக்கம் திருப்பி, வெற்றிடம் பார்த்துச்
சந்தோஷப்பட்டு எழுதினாள்:
பள்ளிக்கூட இறக்கம். நாலு பிள்ளைகள். செவ்வாய்.